நத்தைக் கரைப் புடவை

ஆரணி
9 ஜூன் 2024

நத்தை நாட்டின் பட்டத்து அரசி, பட்டம் மட்டும் இன்னும் வாங்காத அரசி, என் அக்கா மதிவதனி அவர்களின் சமூகத்துக்கு,

ஆரணி நகர வரலாற்றில் பொன்னெழுத்துகளால், அது கட்டுப்படியாகாவிட்டால் அரை ஜரிகை எழுத்துகளால், பொறிக்க வேண்டிய ஒரு செய்தியைக் கனத்த இதயத்தோடும் காலி வயிற்றோடும் அறிவிக்கிறேன். பொங்கலிலிருந்து காணாமல் போயிருந்த நம் வீட்டு மிக்ஸியின் சின்ன மூடி நேற்று மாலை அப்பாவின் தறிக்குழியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டது. அம்மா அதைக் கையில் ஏந்திச் சிறிது நேரம் மௌனம் காத்தாள். பிறகு, "இத இங்க கொண்டாந்து போட்டது யாருடா?" என்றாள். அத்துடன் விழா முடிந்து விசாரணை தொடங்கியது. ஒரே குற்றவாளி, ஒரே சாட்சி, இரண்டும் நானே.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ப்ளஸ் டூ பரீட்சை முடியும்வரை என் போனுக்கு பீரோவில் ஜெயில். வீட்டில் மிச்சம் இருப்பது அப்பாவின் போன். தறிச் சத்தத்தில் காது கேட்காது என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதில் உன்னோடு ரகசியம் பேசுவதும் பழைய பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான். நீயும் இப்போதெல்லாம் அப்பா கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வேலை இருக்கு" என்று மூன்று வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கேட்கிறேன். ஏதாவது இருக்கிறதா?

பதிலை வீட்டுக்கு எழுதாதே. ஜெயவேல் அண்ணன் கடைக்கு எழுது. சாயங்காலத்தில் நான் அங்கேதான். அண்ணன் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் வரைந்து, தறிப்பெட்டிக்குப் போகிற அட்டையில் துளை போட்டுத் தருவார்; துளை எப்படியோ, நெய்கிற டிசைன் அப்படி. நான் அவருக்குத் துணை. அதாவது அவர் போண்டா வாங்கப் போகும்போது நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவேன்.

உன் நத்தை ஆராய்ச்சியின் கைடு மேடத்தின் பெண் கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது. அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை. அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார். "இந்தப் புடவை பூனா போய் சேந்துச்சின்னா, நம்ம பொண்ணு புத்தகம் முடிஞ்சாப்பலதான்." பட்டு கொடுத்தால் பட்டம் வரும் என்பது அவர் கணக்கு. நிஜமாகவே வருமா?

உன் அன்புத் தம்பி,
இளவரசன் (முடியும் இல்லை, நாடும் இல்லை, போனும் இல்லை)


புனே
20 ஜூன் 2024

டேய் இளா,

மிக்ஸி மூடிக்கு இவ்வளவு என்றால் மிக்ஸியே தொலைந்திருந்தால் தந்தி அடித்திருப்பாய்.

'ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டாய். இருக்கிறது. இதை அம்மா அப்பாவிடம் சொல்ல மாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். சொன்னால் உன் போன் பீரோவில் இருந்து காயலான் கடைக்குப் போக நான் ஏற்பாடு செய்வேன்.

என் மூன்றாம் அத்தியாயத்தை மேடத்திடம் கொடுத்தது போன கார்த்திகையில். இன்னும் அவர் பிரிக்கவில்லை. மேசையில் இருக்கிறது, அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டம்கூட விழுந்திருக்கிறது. கேட்டால், "கல்யாண வேலை முடியட்டும், மதி. உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிடுகிறேன்" என்பார். அதற்குமுன் அவர் தங்கையின் பெண் வளைகாப்பு. அதற்குமுன் அவர்கள் குடியிருப்பில் சங்கராந்தி விழா. ஒவ்வொன்றுக்கும் ஆரணியிலிருந்து புடவை.

இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? முதல் வருஷம், ஆசிரியர் தினத்தன்று அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேடம் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கப்பா நெய்தது" என்று பெருமையாகச் சொன்னேன். அதோடு என் ஆராய்ச்சி முடிந்து என் உத்தியோகம் தொடங்கியது. இப்போது பார்சல் வந்தால் துறை முழுக்கத் திருவிழா. பக்கத்துத் துறைக்காரர்கள் என் பெயர்கூடத் தெரியாமல் "ஆரணி, ஆரணி" என்று கூப்பிடுகிறார்கள்.

மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜார். உரிய பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவர் வீட்டுக் கஞ்சி வரும். திட்டவாவது திட்டினால் கோபித்துக்கொண்டு போகலாம். அன்பாக உட்கார வைத்தே ஐந்து வருஷம் ஆக்கிவிட்டார்.

என் அறையில் இருந்த சுபத்ரா போன மாதம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் கட்டில் காலி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பெட்டி கட்டத் தோன்றுகிறது. ஆனால் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்து, கட்டிய பெட்டியை மறுபடி பிரித்துவிடுகிறேன்.

ஒழுங்காகப் படி.
அக்கா


ஆரணி
30 ஜூன் 2024

அன்புள்ள நத்தையக்கா,

உன் கடிதத்தை ஜெயவேல் அண்ணன் கடையில் படித்தேன். படித்துவிட்டு ஒரு போண்டாவை முழுதாகத் தின்ன முடியாமல் பாதியை வைத்துவிட்டேன். என் சோகத்தின் அளவை இதிலிருந்து நீ புரிந்துகொள்ளலாம்.

உடனே நான் ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். தலைப்பு: 'முனைவர் பட்ட மாணவர்கள் முடிக்கும் முன்பே ஓடிவிடுவது ஏன்? ஆரணியை முன்வைத்து ஒரு பார்வை.' ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மொத்தம் ஓர் ஆள். கீழ்க்கண்டவற்றில் சரியானதைத் தேர்ந்தெடு.

அ) கைடு. (கொம்பை மாற்றிப் போட்டுப் பார், கேடு.)
ஆ) நத்தையை ஆராய்ந்து ஆராய்ந்து நத்தை வேகம் தொற்றிக்கொண்டது.
இ) ஹாஸ்டல் சாம்பார்.
ஈ) ஐந்து வருஷமாக முனைந்துகொண்டே இருப்பதால் ஏற்கெனவே முனைவர்தான், தனியாகப் பட்டம் எதற்கு?
உ) மேற்கண்ட எதுவும் இல்லை, தம்பியின் அறிவைப் பார்த்துத் தன்னம்பிக்கை போய்விட்டது.

சிரித்தாயா? சிரித்தால்தான் அடுத்ததைச் சொல்வேன்.

நேற்று எதிர்வீட்டு பூங்காவனம் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, "உங்க டாக்டர் பொண்ணு எப்பப்பா வரும்?" என்றது. அப்பா, "அது மருந்து குடுக்குற டாக்டர் இல்ல அத்தை. புத்தகம் எழுதுற டாக்டர். இதுக்கும் மேல" என்றார். "இதுக்கும் மேல" என்றபோது தறியிலிருந்து கையை எடுத்து மோட்டுவளையைக் காட்டினார். அத்தையும் நிமிர்ந்து மேலே பார்த்தது. அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. எனக்கே வரவில்லை என்றால் யோசித்துக்கொள்.

அப்பாவுக்கு நீ எதையும் சொல்ல வேண்டாம். நான் இருக்கிறேன். இந்தப் புடவை விவகாரத்துக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைக்க என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அப்படி ஒரு திட்டம் நம் ஜில்லாவிலேயே யாருக்கும் தோன்றியிருக்காது. விவரம் பிறகு.

ஆய்வாளர் இளவரசன்


புனே
12 ஜூலை 2024

இளா,

திட்டம் கிட்டம் எல்லாம் வேண்டாம். நீ போன தடவை திட்டம் போட்டபோது ஹெட்மாஸ்டர் நாற்காலியில் பசை இருந்தது. உட்கார்ந்தது கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்.

சிரித்தேன். பிறகு உன் கேள்விக்கு நிஜமாகவே பதில் எழுதிப் பார்த்தேன். இங்கே விட்டுப் போனவர்களை நினைத்துக்கொண்டேன். சுபத்ராவின் கைடு வெளிநாடு போய்விட்டார். புதிதாக வந்தவர், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய் என்றார். மாடியில் இருந்த ஒருவருக்கு உதவித்தொகை வரவே இல்லை. வீட்டில் குழந்தை. வங்கி வேலைக்குப் போய்விட்டார். இன்னொருத்தி கல்யாணத்துக்கு என்று போனாள், லீவு இன்னும் முடியவில்லை. யாரும் அறிவு போதாமல் போகவில்லை. யாரும் ஒரே நாளில் போகவும் இல்லை. மெதுவாக, ஒரு பக்கமாக, கசிந்து போகிறார்கள்.

என் காரணம் உன் ஐந்திலும் இல்லை. முன்பெல்லாம் மழை விட்டதும் தோட்டத்துக்கு ஓடுவேன். ஒரு நத்தை ஓட்டுக்குள் போய்விட்டால் அது கொம்பை நீட்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு மறந்துபோகும். போன வாரம் நல்ல மழை. நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். இந்த ஈரத்தில் பார்சல் நனையாமல் வந்து சேருமா என்றுதான் யோசித்தேன். அப்போது எனக்கே பயமாகிவிட்டது. படிப்பு முடியாமல் போனால்கூடப் பரவாயில்லை, நத்தை எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று.

குடகில் ஒரு வேலை இருக்கிறது. காப்பித் தோட்டங்களில் பெரிய பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இறங்கி நாற்றையெல்லாம் தின்கின்றன. அவை எங்கே தூங்குகின்றன, எப்போது கிளம்புகின்றன என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். டாக்டர் பட்டம் தேவையில்லையாம், நத்தை தெரிந்தால் போதுமாம். விண்ணப்பித்திருக்கிறேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு புடவையையும் என்னை ஒரு படி மேலே ஏற்றுவதாக நினைத்து நெய்கிறார். அது நிற்கும்வரை மேடம் என்னை அனுப்ப மாட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்? தறியையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

தீபாவளிக்கு வந்து நானே சொல்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டு கணக்கைப் போடு.

அக்கா


ஆரணி
4 ஆகஸ்ட் 2024

வெற்றி! வெற்றி! வெற்றி!

அக்கா, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, விழுந்துவிடுவாய்.

திட்டம் நிறைவேறிவிட்டது. கல்யாணப் புடவை நேற்று பார்சலில் கிளம்பிவிட்டது. தடுக்க நினைத்தாலும் உன்னால் முடியாது. இப்போது நிதானமாகக் கேள்.

கரையில் வரிசையாக மாங்கா போடச் சொல்லியிருந்தார்கள் இல்லையா? ஜெயவேல் அண்ணன் வரைந்து முடித்துவிட்டு போண்டாவுக்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினேன். திரையில் இருந்த மாங்காவைப் பார்த்தேன். அதன் வளைவைப் பார்த்தேன். எனக்கு ஞானம் பிறந்தது. மாங்காவின் வயிற்றுக்குள் ஒரு சுருளைப் போட்டு, கீழே ஒரு பாதத்தை இழுத்து, முன்னால் இரண்டு கொம்பு வைத்தால் என்ன ஆகும்?

நத்தை!

தூரத்திலிருந்து பார்த்தால் மங்களகரமான மாங்கா. கிட்டே போய்ப் பார்த்தால் கரை நெடுக நத்தை ஊர்வலம். அண்ணன் திரும்பி வருவதற்குள் சேமித்துவிட்டேன். அவர் பார்க்காமலே அட்டை அடித்துவிட்டார். அட்டை தறிப்பெட்டியில் ஏறிவிட்டது.

அப்பா எப்படிக் கண்டுபிடிக்கவில்லை என்பாய். உனக்கே தெரியும், பட்டுப்புடவை தறியில் கவிழ்ந்து படுத்துத்தான் பிறக்கும். நல்ல முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், நெய்கிறவர் கண்ணுக்கு முதுகுதான். ஆனால் நம் அப்பா விடுவாரா? மூன்றாம் நாள் அடியில் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, மாங்காவுக்குக் கொம்பு மொளச்சி கீது?"

"புது மாடல்பா. பூனாவுல இப்ப இதான் போவுது."

"கொம்பு வெச்ச மாங்காவா?"

"பெரிய எடத்து டேஸ்ட்டுப்பா, நமக்கு இன்னா தெரியும்?"

அப்பா கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு நெய்யத் தொடங்கிவிட்டார். ஒரு கொம்பில்கூட இழை தப்பவில்லை. கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பெரிய காரியம் செய்கிறவன் இதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

இனி நடக்கப் போவது இதுதான். கல்யாணப் பெண் புடவையைப் பிரிப்பாள். நத்தையைப் பார்ப்பாள். வீல் என்று கத்துவாள். மேடத்துக்குக் கோபம் தலைக்கேறும். "இனி ஆரணிப் புடவையே வேண்டாம்" என்பார். மேசை காலியாகும். பொழுது போகாமல் உன் அத்தியாயத்தைக் கையில் எடுப்பார். நீ பட்டம் வாங்கும்போது மேடையில் என் பெயரைச் சொல்ல மறந்துவிடாதே.

புடவை உலகப் புரட்சியாளன்
இளவரசன்


புனே
22 ஆகஸ்ட் 2024

அடப்பாவி,

விழவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை.

உன் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. கடிதத்தை நான் முதலில் படித்திருந்தால் பார்சலோடு ஓடிப்போயிருப்பேன். மேடம் அறையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, அவர் கையாலேயே பிரித்தார். கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். முதலில் மாங்கா என்றுதான் எல்லோரும் ஆகா என்றார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். நான் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன்.

"நத்தை" என்றார்.

பிறகு கைகொட்டிச் சிரித்தார். "மதி! நீ என் மகளுக்காக இதைச் செய்யச் சொன்னாயா? விலங்கியல் வீட்டுக் கல்யாணத்துக்கு நத்தைக் கரை!" கல்யாணப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்துத் துறைக்காரர்கள் எனக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும் என்றார்கள். ஒருவர் தவளை கேட்கிறார். ஆறு புடவைக்குப் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் புரட்சியின் பலன் இது.

இரு, இன்னும் முடியவில்லை. மேடம் மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கரையின் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே போனார். பென்சிலால் ஒரு தாளில் குறிப்பு எழுதி என்னிடம் நீட்டினார். அப்படியே தருகிறேன்.

'ஓடு தவறான பக்கம் சுற்றுகிறது. இந்த இனத்தில் ஓட்டின் வாய் வலப்பக்கம் வர வேண்டும், இங்கே எல்லாமே இடப்பக்கம். கொம்பு இரண்டு இணை வேண்டும், மேல் இணை நீளம், நுனியில் கண். பாதத்தின் விளிம்பு அருமை. அடுத்ததில் திருத்தவும்.'

கவிழ்த்து நெய்வது உனக்குத் தெரியும், ஆனால் வரையும்போது திருப்பிப் போட மறந்துவிட்டாய். மாங்கா எந்தப் பக்கம் வளைந்தாலும் மாங்காதான், அதனால் ஜெயவேல் அண்ணன் கடையில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. நத்தைக்கு அப்படி இல்லையடா.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இளா, எவ்வளவு நுணுக்கமான கண் அந்த அம்மாளுக்கு! இப்படி நாலு வரியை என் அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதுவார் என்றுதானே கார்த்திகையிலிருந்து காத்திருக்கிறேன். அவருக்கு நேரம் இல்லாமல் இல்லை, அறிவு இல்லாமல் இல்லை. என் படிப்பைவிட என் புடவை அவருக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான். ஹாஸ்டலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஐந்து வருஷமாகத் தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் மேடத்திடம் போய், இனி என் மூலமாகப் புடவை வராது, நானும் வரமாட்டேன் என்று சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஏன் மதி, நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். குடகு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் சேர வேண்டும்.

தீபாவளிவரை காத்திருக்க முடியாது. அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். நேற்று போனைக் கையில் எடுத்தேன். ஸ்பீக்கரில் தறிச் சத்தம் கேட்டது. "சொல்லும்மா, டாக்டர் அம்மா" என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா


ஆரணி
2 செப்டம்பர் 2024

குடகின் வருங்கால நத்தைப் போலீஸ் அவர்களுக்கு,

கவலையை விடு. எல்லாம் முடிந்தது. யார் முடித்தது என்று கேட்டால் தன்னடக்கம் கருதி நான் சொல்லமாட்டேன். நான்தான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம். நீ கைவிட்டதும் மேடம் பார்சலில் இருந்த நம்பரைப் பார்த்து நேராக அப்பாவுக்கே போன் செய்துவிட்டார். இங்கிலீஷ். ஸ்பீக்கரில். அப்பா தறியை நிறுத்திவிட்டு, "இளா, ஜல்தி வாடா, உங்கக்கா மேடம் பேசுறாங்க, இன்னா சொல்றாங்கன்னு சொல்லு" என்றார். அம்மா தாரில் நூல் சுற்றுவதை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், போனில் கைகுலுக்கப் போகிறவள் மாதிரி.

மேடம் ஆறு புடவை கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பிறகு இங்கிலீஷில் பொழிந்தேன் பார், அருவி! "மேடம், என் அக்கா உங்களிடம் வந்தது நத்தையைப் படிக்க. புடவை சுமக்க அல்ல. கார்த்திகையில் கொடுத்த அத்தியாயத்தில் டீ டம்ளர் வைப்பதுதான் உங்கள் ஊர் வழக்கமா? எங்கள் அப்பா நெய்த ஒவ்வொரு இழையும் ஒரு கேள்வி கேட்கிறது, பதில் சொல்லுங்கள்!" என்று இலக்கணம் தப்பாமல் கேட்டேன். மறுபக்கம் மயான அமைதி. "சாரி" என்றார் மேடம். எந்த சாரி என்று கேட்க நினைத்தேன், பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கும் விஷயம் முழுவதையும் எடுத்துச் சொல்லிவிட்டேன். குடகு வேலை, நீ பயப்படுவது, எல்லாம். அப்பா என் தோளைத் தட்டினார். நீ தைரியமாகக் கிளம்பு. அவரே உன்னைக் கூப்பிடுவார்.

சொற்செல்வன்
இளவரசன்


குடகு
21 செப்டம்பர் 2024

என் அருமை இளா,

ஒரு வாரமாக இங்கே விடாத மழை. காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் மதியம்தான் திரும்புவேன். நேற்று ஒரு தடியன், என் உள்ளங்கையைவிடப் பெரியவன், மரத்தடியில் ஓட்டுக்குள் போய்விட்டான். எதிரே உட்கார்ந்தேன். அவன் கொம்பை நீட்டியபோது என் டப்பாச் சாப்பாட்டில் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்தது. அப்படியே சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இந்த நத்தைகளை ஒழிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், துரோகி என்று சொல்வாய். சொல்லிக்கொள். தோட்டக்காரர்கள் தினமும் கேள்வி கேட்கிறார்கள். நான் சொல்லும் பதிலை அன்றைக்கே செய்து பார்க்கிறார்கள். தப்பாக இருந்தால் மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்று திட்டுகிறார்கள். எனக்குத் திட்டு வாங்க எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா?

முதல் நாள் ஆபீசில் ஒரு அம்மாள் எந்த ஊர் என்று கேட்டார். ஆரணி என்று வாய்வரை வந்துவிட்டது. 'கலசப்பாக்கம்' என்றேன். தாத்தா ஊர்தானே, பொய்யில்லை.

அப்பா நான் புனேயிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாளே கூப்பிட்டார். தறிச் சத்தம் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. காதில் வைத்துப் பேசினார். "அங்க குளுருமே, கம்பளி கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அந்த மேடத்துக்கு இனிமே புடவை போவாதும்மா. நான் அனுப்பி அனுப்பித்தான் உன்ன அங்கயே உக்கார வெச்சிட்டேன். நீ போவ வேண்டிய எடத்துக்குப் போ" என்றார். எத்தனை மாதமாக என்னென்னவோ வார்த்தை தேடிவைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "சரிப்பா" என்றேன். பிறகு இரண்டு பேரும் மிக்ஸி மூடியைப் பற்றிப் பேசினோம்.

இதெல்லாம் உன்னால்தான். உன்னை வாலுப் பையன் என்று நினைத்திருந்தேன். என் மேடத்திடம் நானே ஐந்து வருஷத்தில் பேசாததை நீ ஒரு போனில் பேசிவிட்டாய். சுபத்ராவுக்கு எழுதினேன். உன் பேச்சை முழுசாக இங்கிலீஷிலேயே எழுதி அனுப்பச் சொல்கிறாள், சுவரில் ஒட்டிக்கொள்வாளாம். அப்பாவிடம் கேட்டேன், "அவன் இன்னா பேசினான்?" என்று. சிரித்துவிட்டு, "அவனையே கேளு" என்றார். எழுதி அனுப்புடா. ஒரு வார்த்தை விடாமல்.

பெருமையோடு,
அக்கா


ஆரணி
1 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

அந்தப் பேச்சை எழுத நோட்டை எடுத்து நான்கு நாள் ஆகிறது. இங்கிலீஷ் பாடத்தில் நான் வாங்கும் மார்க் உனக்குத் தெரியும். நீயாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

நடந்தது இதுதான். மேடம் ஆறு புடவை கேட்டார். நான் "எஸ் மேடம்" என்றேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். "ஓகே மேடம்" என்றேன். அப்போது அப்பா, "பொண்ணு எப்ப முடிப்பான்னு கேளுடா" என்றார். வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கி எப்படியோ கேட்டுவிட்டேன். மேடம் சிரித்தார். நல்ல சிரிப்பு அக்கா, நம் அத்தைகள் சிரிக்கிற மாதிரி. அவளுக்கு என்ன அவசரம், அவள் கோபம் தீர்ந்து திரும்பி வந்துவிடுவாள், அவளும் போய்விட்டால் எங்களுக்கு யார் புடவை கொண்டுவந்து தருவார்கள் என்றார்.

எல்லா வார்த்தையும் எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கையில் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாகப் புரிந்ததே இல்லை.

"இன்னாடா சொன்னாங்க?" என்றார் அப்பா. நல்லா படிக்குதாம்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரையும் ஏமாற்றத் தெரிந்த வாய், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. அம்மா முந்தானையை எடுத்தாள். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடி கேட்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, "சரிங்க மேடம், வணக்கம்" என்று தமிழிலேயே சொன்னார். பெட்டியில் ஏற்றிவைத்திருந்த நத்தை அட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார்.

மறுநாள் டீ குடிக்கும்போது, "உனக்குத்தான் ஜெயவேல் கடைக்கு லெட்டர் வந்துகினு கீதே. அவ இன்னா சொல்றா?" என்றார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம், ஜெயவேல் அண்ணன் போண்டாவோடு சேர்த்து அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது ஒரே வாக்கியம். "அக்காவுக்கு உன்கிட்ட சொல்ல பயமா கீதாம்பா." குடகு வேலை எல்லாம் எழுதியிருந்த உன் கடைசிக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். தோளைத் தட்டியது மட்டும் நிஜம். அதுவும் பாராட்டி இல்லை, நான் இன்னும் அழுதுகொண்டிருந்ததால்.

சுபத்ரா அக்காவுக்கு அனுப்ப வேண்டிய உரை முழுவதும் கீழே:

எஸ் மேடம். ஓகே மேடம். தேங்க்யூ மேடம்.

கடைசியில் சொன்ன தேங்க்யூவை மேடம் கேட்டிருக்க மாட்டார். அதற்குள் அப்பா போனை வைத்துவிட்டிருந்தார்.

இளவரசன்